ஐந்தாம் பிரிவின் பச்சைக் குஞ்சம்

மனைவியிடம் சத்தியம் செய்வதென்றால், நிறைவேற்றவே முடியாத சத்தியமாகப் பார்த்துச் செய்ய வேண்டும். இது என் கொள்கை. "நாளைக்கே குழாயைச் சரிசெய்கிறேன்" என்பது மடையனின் சத்தியம். நாளை வந்துவிடும். குழாய் சொட்டும். மாட்டிக்கொள்வான்.

நான் அப்படிப்பட்டவன் அல்ல. என் பெயர் எவால்ட். ஸோலிங்கென் நகரத்தில், தலைக்கு மேலே போகும் கம்பியில் மின்சாரம் பிடித்து ஓடும் பேருந்தை ஓட்டி ஓய்வு பெற்றவன். அந்தப் பேருந்து கம்பியை விட்டு விலகக் கூடாது. ஆனாலும் வழியில் ஒரு லாரி நின்றால் சற்று வளைந்து போகலாம். கூரைமேல் இருக்கும் கழி அதற்கு இடம் கொடுக்கும். கல்யாண வாழ்க்கையில் எனக்கு அந்தக் கழி, என் சத்தியம்.

அதை நான் செய்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, காப்பி வேளையில், எங்கள் மேசையில். வாஃபிளும் சூடான செர்ரியும் பால்சோறும் பரப்பியிருந்தன. நடுவில் மூன்று கால் ஊன்றி நின்றது ஈயக் காப்பிக் கலம். அதன் குழாய் எத்தனை இறுக்கினாலும் சொட்டும். அதனால் எங்கள் பக்கத்தில் அதற்குச் சொட்டு மீனா என்று பெயர். சாட்சிகள் இரண்டு பேர்: என் நண்பன் ஹைனர், அவன் மனைவி எல்ஃப்ரீடே. ஹைனரும் என்னைப்போல் பழைய ராணுவ வாள் சேர்ப்பவன். எல்ஃப்ரீடேயும் என் மனைவி ரோஸ்விதாவைப்போல் அதைச் சகித்துக்கொள்பவள்.

வழக்கு இதுதான். எங்கள் மகள் ஸில்கே கல்யாணமாகி ப்ரேமனுக்குப் போய்விட்டாள். அவள் அறை காலியானது. சின்ன வயதில் அவள் கூரையில் ஒட்டிவைத்த, இருட்டில் மின்னும் காகித நட்சத்திரங்கள் மட்டும் மிச்சம். அவள் ரயில் ஏறிய வாரமே என் வாள்கள் அந்த அறையில் குடியேறின. அதுவரை பாவம், குடைகளோடு வாசலிலும் சோபாவுக்குப் பின்னாலும் அகதிகளாய்க் கிடந்தவை.

"அந்த ரூம் எனக்கு வேணும்," என்றாள் ரோஸ்விதா.

"எதுக்கு?"

"கைவேலைக்கு. தெக்குப் பார்த்த ஜன்னல். பெரிய மேசை போடலாம்."

"என்ன கைவேலை?"

"ரூம் கிடைச்சப்புறம் சொல்றேன்."

"அப்போ என் வாளெல்லாம் எங்க போகும்?"

"போருக்குப் போகட்டும்."

எல்ஃப்ரீடே சிரித்தாள். ஹைனர் சிரிக்கலாமா என்று அவளைப் பார்த்து, அனுமதி கிடைத்ததும் சிரித்தான்.

நான் எழுந்து போய் என் ராணியை எடுத்து வந்தேன். பிரஷ்யக் குதிரைப்படை வாள், ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தொன்பதாம் ஆண்டு மாதிரி. அலகின் முதுகில் ஒரு கிரீடம், அதன்கீழ் பேரரசரின் பெயரெழுத்து, ஆண்டின் இலக்கம். கைக்காப்பில் கழுகு. காப்பின் ஓரத்தில் சின்னச் சின்னதாய்க் குத்திய குறிகள்: எந்தப் படை, எந்தப் பிரிவு, எத்தனையாவது ஆயுதம். அதே குறிகள் உறையின் வாயிலும் உண்டு. அலகும் உறையும் நூறு வருஷத்துக்கு மேலாகப் பிரியாமல் வாழ்ந்த ஜோடி. மனிதர்களிலேயே அபூர்வம்.

குறை ஒன்றே ஒன்று. குஞ்சம் இல்லை.

குதிரைமேல் போகிறவன் கையிலிருந்து வாள் நழுவினால் கீழே விழக் கூடாதல்லவா? அதற்காகக் கைப்பிடியில் ஒரு தோல்வார் கோத்து மணிக்கட்டில் மாட்டிக்கொள்வான். அந்த வாரின் நுனியில் குஞ்சம். பிரிவுக்கு ஒரு நிறம்: முதல் பிரிவுக்கு வெள்ளை, இரண்டாவதுக்குச் சிவப்பு, அடுத்து மஞ்சள், நீலம். ஐந்தாவதுக்குப் பச்சை. என் ராணி ஐந்தாம் பிரிவு. இரும்பு நூறு வருஷம் நிற்கும், கம்பளி நிற்குமா? பூச்சி தின்றுவிடும். பச்சைக் குஞ்சத்தை நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன்.

ஆகவேதான் துணிந்து கையை மேசைமேல் வைத்தேன்.

"ரோஸ்விதா! இந்த வாளோட பச்சைக் குஞ்சம் கிடைக்கற அன்னிக்கு என் வேட்டை முடிஞ்சுது. அப்புறம் ஒரு வாள் இல்ல, ஒரு உறை இல்ல, ஒரு பித்தளை வளையம்கூட வாங்க மாட்டேன். ரூமும் உனக்கு. அதுவரைக்கும் எனக்கு."

ரோஸ்விதா என் தட்டில் ஒரு வாஃபிளை வைத்தாள். "எல்லாரும் கேட்டுக்கிட்டீங்களா?"

"கேட்டாச்சு," என்றாள் எல்ஃப்ரீடே.

"அந்தக் குஞ்சம் பருத்தியா, கம்பளியா?" என்று கேட்டாள் ரோஸ்விதா.

நான் உருகிப்போனேன். இத்தனை வருஷக் குடித்தனத்தில் என் வாள்களைப் பற்றி அவள் கேட்ட முதல் கேள்வி. சொன்னேன். கம்பளி என்றேன். வார் சிவந்த தோல் என்றேன். தண்டு எப்படி இருக்கும், அதைச் சுற்றிய வளையம் எப்படி இருக்கும், தலைக்குள்ளே எப்படி அடைத்திருப்பார்கள், எல்லாம் ஒரு காகிதக் கைத்துடைப்பானில் படம் போட்டே காட்டினேன். போலியைக் கண்டுபிடிக்கும் முறையையும் விளக்கினேன். ஒரு நூலைப் பிடுங்கிக் கொளுத்தினால் முடி கருகும் வாசனை வர வேண்டும். பிளாஸ்டிக் நூல் என்றால் உருகி மணியாகிவிடும். அப்புறம் என் ஊதா விளக்கு. இந்தக் காலத்து நூலும் இந்தக் காலத்துச் சலவைத்தூள் பட்ட துணியும் அதன் ஒளியில் நீலமாகப் பளிச்சிடும். பழையது செத்ததுபோல் கிடக்கும்.

ரோஸ்விதா அந்தக் கைத்துடைப்பானை மடித்து ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டாள். குப்பையில் போடத்தான் என்று நினைத்தேன்.

விருந்தினர் கிளம்பும்போது ஹைனரைத் தனியாக அழைத்தேன். "பாத்தியா? நடக்காத ஒண்ணைச் சொல்லிச் சத்தியம் பண்ணணும். நீயும் பண்ணு. உன் வாளுக்குச் சிவப்புக் குஞ்சம் கிடைக்கலைதானே?"

"நீ மேதைடா, எவால்ட்," என்றான் ஹைனர். அவன் வீட்டில் தகராறு நிலவறையைப் பற்றி. எல்ஃப்ரீடே அங்கே விருந்து வைக்க ஆசைப்பட்டாள். அவன் அங்கே வாள்களை வைத்திருந்தான். அன்றைக்கே போய் அவனும் சத்தியம் செய்துவிட்டான்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ரோஸ்விதா பிறந்தது பார்மனில். இங்கிருந்து கூப்பிடு தூரம். எங்கள் ஊர் இரும்பு ஊர். அவர்கள் ஊர் நாடா ஊர். நாடா, கரை, பின்னல், குஞ்சம். எங்கள் ஊர் செய்த வாளுக்கு அந்த ஊர்தான் குஞ்சம் கட்டியது. அவள் வீட்டில் எல்லோருக்கும் அதுதான் பிழைப்பு. அவளும் திரைச்சீலைக் கடையில்தான் காலமெல்லாம் வேலை பார்த்தாள். அவள் அத்தை ஹெட்விக் விட்டுப்போன ஒரு பெட்டி நிறையப் பழைய நூல் எங்கள் நிலவறையில் கிடந்தது. பெரிய குப்பை எடுக்கும் நாளில் அதை நான் ஒருமுறை தெருவில் வைத்தேன். அவள் பேசாமல் போய்த் திரும்பத் தூக்கி வந்தாள். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரியும் என்பது மறந்துபோயிருந்தது. இரும்பு ஊர்க்காரனுக்கு நூல் எல்லாம் ஒரு பொருட்டா?

அந்த இலையுதிர்காலத்தில் எங்கள் வீட்டில் சில சில்லறைச் சம்பவங்கள்.

முதலாவது, என் சாம்பல் நிறக் கம்பளிக் காலுறைகளில் ஒன்று காணாமல் போனது.

"மெஷின் தின்னுடுச்சு," என்றாள் ரோஸ்விதா.

"மெஷின் ஏன் உன் காலுறையைத் தின்ன மாட்டேங்குது?"

"அதுக்கும் ருசி தெரியும்."

இரண்டாவது, அவள் திடீரென்று நிலவறையைச் சுத்தம் செய்தாள். சிறுவயதில் பனியில் சறுக்கிய என் பழைய இரும்புச் சறுக்குக் கட்டைகளைத் தேடிப்போனபோது ஒன்றில் தோல்வார் இல்லை. எலி, என்றாள். மூன்றாவது, விருந்தினர் வராத செவ்வாய், புதன்களிலும் சொட்டு மீனா அடுப்படியில் நின்று சொட்டிக்கொண்டிருந்தது. யாருக்கு இத்தனை காப்பி என்று கேட்டேன். "மழைக்கு இதமா இருக்கும்," என்றாள். எங்கள் ஊர் மழைக்கு எத்தனை காப்பி போட்டாலும் போதாதுதான்.

ஒரு சனிக்கிழமை காலை.

"இன்னைக்குச் சந்தைக்குப் போக வேணாம், எவால்ட். ஒண்ணும் இருக்காது."

போகவேண்டாம் என்றால் போவதுதான் என் சுதந்திரம். போனோம். பழஞ்சாமான் சந்தை பாதி நனைந்து கிடந்தது. பிளாஸ்டிக் விரிப்புகளின்மேல் மழை தட்டச்சு அடித்துக்கொண்டிருந்தது.

"அந்தப் பக்கம் வேணாம்," என்று என் கையை இழுத்தாள். "அங்க பொத்தான் விக்கிறாங்க. உனக்கு அலுப்பா இருக்கும். துருப்பிடிச்ச சாமானெல்லாம் இந்தப் பக்கம்."

என் மனைவி பொத்தான் கடையை விட்டு விலகிப் போகிறாள்! அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. நான் பொத்தான் பக்கம் போனேன்.

சிவப்புத் தொப்பி போட்ட ஒரு பருத்த அம்மாள் உட்கார்ந்திருந்தாள். தகர டப்பா நிறையப் பொத்தான். பொத்தான்களுக்கு நடுவிலிருந்து, குளத்துப் பாசிபோல், ஒரு பச்சை எட்டிப்பார்த்தது.

நெஞ்சு ஒருமுறை நின்றது. ஆனால் சேகரிப்பாளனின் முகம் என்று ஒன்று உண்டு. பல் வலிக்காரன் முகமும் தூங்கி வழிபவன் முகமும் கலந்தது. அதைப் போட்டுக்கொண்டேன்.

"இது என்னங்க, திரைச்சீலைக் கயிறா?"

"எனக்கென்னங்க தெரியும். எங்க வீட்டு நாய்க்கு விளையாடக் குடுக்கலாம்னு வச்சிருந்தேன்."

நாய்க்கா! ஐந்தாம் பிரிவையா! ஒரு காப்பியும் ஒரு துண்டு கேக்கும் சாப்பிடுகிற காசை நீட்டினேன். "நாய்க்கு வேற ஏதாவது வாங்கிக் குடுங்க," என்றேன். அப்பாவி அம்மாள், ரொம்ப நன்றி சொன்னாள்.

"என்ன வாங்கினே?" என்று கேட்டாள் ரோஸ்விதா.

"திரைச்சீலைக் கயிறு."

"நமக்கெதுக்கு?"

"இருக்கட்டும்."

அவள் மேலே கேட்கவில்லை. குடையை என் பக்கம் சாய்த்துப் பிடித்தாள்.

வீட்டுக்கு வந்து ஸில்கேயின் அறைக்குள் போய், பட்டப்பகலில் ஜன்னலை மூடும் உருட்டுப் பலகையை இறக்கி அறையை இருட்டாக்கினேன். ஒரு நூலைப் பிடுங்கிக் கொளுத்தினேன். முடி கருகும் வாசனை. வாரை வளைத்துப் பார்த்தேன். வயதான தோல், வளைந்த இடத்தில் முகம் சுருக்கியது. ஊதா விளக்கைப் போட்டேன். கூரையில் என் மகளின் நட்சத்திரங்கள் எல்லாம் திடுக்கிட்டு எழுந்தன. கையிலிருந்த குஞ்சம் எழவில்லை. இருட்டோடு இருட்டாகக் கிடந்தது. அசல்.

மோந்து பார்த்தேன். லேசான காப்பி மணம். கண் கலங்கிவிட்டது. ஏதோ ஒரு முகாமில், விடிகாலைக் குளிரில், ஒரு குதிரைவீரன் தகரக் குவளையைத் தட்டிவிட்டிருக்கிறான். அந்தக் கறை நூறு வருஷம் தாண்டி என் மூக்குக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

அப்புறம்தான் நினைவு வந்தது. குஞ்சம் கிடைத்தால் அறை போச்சு.

இப்படி ஒரு சோதனை எந்தக் கணவனுக்கும் வரக் கூடாது. வாழ்நாள் புதையல் கையில். காட்டினால் குடியிருப்பு காலி. மழைக்காலப் பூட்ஸுக்குள் திணித்து வைத்தேன். காலையில் ஒருமுறை எடுத்துப் பார்ப்பேன். மத்தியானம் ஒருமுறை.

"பூட்ஸை ஏன் இத்தனை தடவை பாக்கறே?" என்றாள் ரோஸ்விதா.

"மழை வருமோன்னு."

"மழை வெளியிலதான் வரும், எவால்ட். பூட்ஸுக்குள்ள வராது."

தாங்கியிருப்பேன். ஆனால் வெள்ளிக்கிழமை வந்தது. மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை, விடுதியின் பின்னறையில் எங்கள் வாள் வட்டம் கூடும். அங்கே எனக்குப் பேராயர் என்று பட்டப்பெயர். எந்தப் பொருளானாலும் என் முன்னால் வைப்பார்கள். அசல் என்று நான் சொன்னால் அசல். போலி என்றால் போலி. இரண்டு வருஷத்துக்கு முன் ஹைனர் ஒரு சிவப்புக் குஞ்சத்தைப் பெருமையாகக் கொண்டுவந்தான். எல்லோர் முன்னாலும் விளக்கைப் போட்டேன். பளபளவென்று எரிந்தது. அன்றிலிருந்து அவன் பெயர் கிறிஸ்துமஸ் மரம். இன்றைக்கும் பரிமாறுகிற பெண்கூட "மரத்துக்கு என்ன பீர்?" என்றுதான் கேட்பாள்.

அன்று ஹைனர் வாயைத் திறந்தான். "பேராயரே, ஒண்ணு கேக்கறேன். பச்சைக் குஞ்சம்னு ஒண்ணு உலகத்துல இருக்கா? இல்ல, ரோஸ்விதாகிட்டேருந்து ரூமைக் காப்பாத்த நீயே கட்டின கதையா?"

எல்லோரும் சிரித்தார்கள்.

பூட்ஸில் தனியே விட்டுவர மனமில்லாமல் குஞ்சத்தைக் கோட்டுப் பையில் கொண்டுவந்திருந்தேன். என் கை அந்தப் பைக்குள் போனது. சத்தியமாக நான் அனுப்பவில்லை. அதுவாகப் போனது. குஞ்சம் மேசைமேல் விழுந்தது. சிரிப்பு நின்றது.

பிறகு நான் பேசினேன். எப்படிப் பேசினேன்! தண்டைப் பற்றி, வளையத்தைப் பற்றி, பிடுங்கிக் கொளுத்தினால் வரும் வாசனையைப் பற்றி. விளக்கைப் போட்டேன். இருட்டு. "ஆ" என்றார்கள். காப்பிக் கறையைப் பற்றிச் சொன்னபோது ஒருவர் மூக்கைச் சிந்தினார். "இதைப் போலின்னு சொல்றவன் கண்ணைப் பரிசோதிக்கணும்," என்று முடித்தேன். கைதட்டினார்கள்.

வீட்டுக்குத் திரும்பிய பேருந்தில் யோசித்தேன். யாரும் ரோஸ்விதாவிடம் சொல்ல மாட்டார்கள். ஆண்களுக்குள் ஒரு ஒழுங்கு உண்டு. கதவைத் திறந்தேன். வாசலில் அட்டைப்பெட்டிகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் அழகான கையெழுத்தில் "வாள்கள், நிலவறைக்கு" என்று எழுதியிருந்தது.

"வாழ்த்துகள், எவால்ட்," என்றாள் ரோஸ்விதா. "எல்ஃப்ரீடே ஃபோன் பண்ணினா. பேச்சு பிரமாதமாம்."

சத்தியம் சத்தியம்தான், சாட்சிகள் வேறு. மறுநாள் வாள்களை இறக்கினேன். ஒன்றுக்கு மட்டும் அனுமதி கிடைத்தது. குஞ்சத்தோடு முழுமையாகிவிட்ட என் ராணி அந்த அறைச் சுவரிலேயே தொங்கலாம். "அது அங்க இருந்தா எனக்கும் சந்தோஷம்," என்றாள். எத்தனை பெருந்தன்மை என்று நினைத்தேன்.

பெரிய மேசை வந்தது. நட்சத்திரங்களை அவள் எடுக்கவில்லை. பகலெல்லாம் உள்ளே ஏதோ பின்னிக்கொண்டிருந்தாள். நான் அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, திறந்த கதவு வழியே என் குஞ்சத்தைப் பார்ப்பேன். ஜன்னல் வெளிச்சத்தில் அவள் நரைமுடியும் நூலும் ஒரே நிறமாகத் தெரியும். வேட்டை முடிந்த மனிதனுக்கு இத்தனை நிம்மதி இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சந்தைக்குப் போவதில்லை. சனிக்கிழமைகள் நீளமாயின. இருவரும் ஆற்றங்கரை வரை நடந்துவிட்டு வருவோம். சத்தியமாக, கொஞ்சம் பிடித்தே இருந்தது.

வசந்தத்தில் பூச்சி வந்தது.

அன்று ரோஸ்விதா கடைக்குப் போயிருந்தாள். ராணியைத் தூசி தட்டப் போனேன். குஞ்சத்தின் தலையில் கடுகளவு ஓட்டை. கம்பளி தின்னும் பூச்சி! பதறிப்போய், ஓட்டை எத்தனை ஆழம் என்று பார்க்க உருட்டுப் பலகையை இறக்கி ஊதா விளக்கைப் போட்டேன். கூரையில் நட்சத்திரங்கள் விழித்தன. குஞ்சம் இருண்டது.

அந்த ஓட்டைக்குள் மட்டும், நீலமாக, குட்டியாக, இன்னொரு நட்சத்திரம்.

விளக்கை இன்னும் கிட்டே கொண்டுபோனேன். பிறகு ஒரு ஊசியால் மெல்ல நெம்பினேன். உள்ளே அடைத்திருந்தது வெளியே தலைகாட்டியது. சாம்பல் நிறம். கம்பளி. எங்கள் வீட்டுச் சலவைத்தூள் மணம். என் காலுறை.

சிவந்த தோல்வாரைப் பார்த்தேன். என் சறுக்குக் கட்டையின் வார் என்னைத் திரும்பிப் பார்த்தது. காப்பிக் கறையை மோந்தேன். குதிரைவீரன் ஓடிவிட்டான். சொட்டு மீனா நின்றுகொண்டிருந்தாள்.

பலகையை ஏற்றினேன். வாசலில் ரோஸ்விதா, கையில் காய்கறிப் பை.

"பட்டப்பகல்ல ஏன் பலகையை இறக்கினே? எதிர்வீட்டு அம்மா நாம செத்துட்டோம்னு விசாரிக்க வர்றாங்க."

"ரோஸ்விதா. என் காலுறை."

"மெஷின் தின்னுடுச்சு."

"தின்னது இங்க வந்து துப்பியிருக்கு."

அவள் பையைக் கீழே வைத்தாள். அருகில் வந்து ஓட்டையைப் பார்த்தாள். "ஐயோ, பூச்சி! லாவண்டர் வைக்கணும்னு நினைச்சேன், மறந்துட்டேன்." அவ்வளவுதான் அவள் வருத்தம்.

"இது போலி!"

"எது போலி? நூல் ஹெட்விக் அத்தை பெட்டில இருந்தது. பேரரசர் காலத்துல பார்மன்ல இதே குஞ்சத்துக்குச் சாயம் போட்ட நூல். நீ குப்பையில போட்டியே, அதுதான். கட்டினதும் பார்மன்காரிதான். என்ன, அந்தக் காலத்துல கட்ட நேரமில்ல, இப்பதான் நேரம் கிடைச்சுது."

"அந்தப் பொத்தான் அம்மா?"

"லீஸெலொட்டே. திரைச்சீலைக் கடையில என்கூடவே வேலை பார்த்தவ. அவளைப் பத்தி எத்தனை வருஷமாச் சாப்பாட்டு மேசையில சொல்லியிருக்கேன்! நீ காது குடுத்திருந்தா தெரிஞ்சிருக்கும். நீ சொன்னதையெல்லாம் நான் கேட்டேன், பாத்தியா?"

"அவளோட நாய்?"

"அவளுக்கு நாய்னாலே பயம்."

நான் நெஞ்சை நிமிர்த்தினேன். "குஞ்சம் போலின்னா சத்தியமும் செல்லாது. ரூமைக் குடு."

"தாராளமா," என்றாள். குரலில் ஒரு சுருக்கம்கூட இல்லை. "வெள்ளிக்கிழமை வட்டத்துல எழுந்து நின்னு சொல்லிடு. விளக்கையும் எடுத்துட்டுப் போ. என் காலுறையைத்தான் அசல்னு சொல்லி எல்லாரையும் கைதட்ட வச்சேன்னு சொல்லு. சாயங்காலமே மேசையை எடுத்துடறேன்."

பின்னறை என் கண்முன் வந்தது. ஹைனரின் முகம். மற்றவர்கள் முகம். பரிமாறுகிற பெண் குனிந்து, "காலுறைக்கு என்ன பீர்?" என்று கேட்பது.

வாளை மாட்டினேன். வாளாவிருந்தேன்.

"ஓட்டையை அடைச்சுத் தரட்டுமா?" என்றாள் ரோஸ்விதா.

"குடு," என்றேன்.

அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து அடைத்துக் கொடுத்தாள். ஓட்டை இருந்த இடமே தெரியவில்லை. என்ன கை! இதை நான் யாரிடமும் சொல்ல முடியாது என்பதுதான் கொஞ்சம் வருத்தம்.

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஹைனரும் எல்ஃப்ரீடேயும் காப்பிக்கு வந்தார்கள். ரோஸ்விதாவின் பெரிய மேசையிலேயே வாஃபிளும் செர்ரியும் வைத்தாள். ஹைனர் உட்காரவே இல்லை. பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தான். பிரித்தான்.

சிவப்புக் குஞ்சம்.

"பேராயரே, நீதான் சொல்லணும்," என்றான். "வட்டத்துல காட்டறதுக்கு முன்னாடி உன்கிட்ட வந்திருக்கேன். இன்னொரு தடவை மரமா நிக்க என்னால முடியாது."

"எங்க கிடைச்சுது?"

"சந்தையில. சிவப்புத் தொப்பி போட்ட ஒரு அம்மா. ஒண்ணுமே தெரியாத அப்பாவி, எவால்ட்! நாய்க்குக் குடுக்க வச்சிருந்தாளாம்."

நான் எல்ஃப்ரீடேயைப் பார்த்தேன். அவள் செர்ரியை எண்ணுவதுபோல் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரோஸ்விதா சொட்டு மீனாவின் குழாயைத் திருகி எனக்குக் காப்பி பிடித்தாள். திருகியும் அது சொட்டிக்கொண்டே இருந்தது.

நூல் ஒன்றைப் பிடுங்கிக் கொளுத்தினேன். முடி கருகும் வாசனை. பலகையை இறக்கி விளக்கைப் போட்டேன். தலைக்குமேல் நட்சத்திரங்கள். கையில் இருட்டு. வாரை வளைத்தேன். இது என் சறுக்குக் கட்டையின் இன்னொரு வார். குஞ்சத்தின் தலையை அழுத்தினேன். மெத்தென்று இருந்தது. இருட்டில் ஹைனர் மூச்சு விடாமல் நிற்பது கேட்டது. அவன் முகத்தில் இரண்டு வருஷத்துக் கிறிஸ்துமஸ் எரிந்து அணைந்து கொண்டிருக்கும், பார்க்காமலே தெரிந்தது.

போலி என்று சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பான். எப்படித் தெரியும் என்று சொன்னால் என் கதை வெளியே வரும். அதோடு, இன்னொன்றும் சொல்கிறேன். ஒரு மனிதனை இரண்டு தடவை மரமாக்க எனக்கு மனம் வரவில்லை.

"அசல்," என்றேன்.

ஹைனர் என்னைக் கட்டிக்கொண்டு அழுதான். "வேட்டை முடிஞ்சுது எல்ஃப்ரீடே, நிலவறை உனக்குத்தான்," என்று திக்கினான். எல்ஃப்ரீடே ஏற்கெனவே கைப்பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து, அங்கே எத்தனை நாற்காலி போடலாம் என்று ரோஸ்விதாவிடம் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டாள். வட்டத்தின் பொருளாளர் மனைவிக்கு மஞ்சள் நிறத்தில் ஒன்று வேண்டுமாம், பேச்சோடு பேச்சாக அதுவும் காதில் விழுந்தது. என் தட்டில் இரண்டாவது வாஃபிள் விழுந்தது. முதலாவதைவிட அதிகச் செர்ரி.

அவர்கள் போன பிறகு மழை பிடித்துக்கொண்டது. கால் குளிர்ந்தது. அந்த ஒற்றைச் சாம்பல் காலுறை ஜோடியில்லாமல் இத்தனை மாதம் கிடக்கிறதே, இன்றைக்காவது ஒரு காலில் போட்டுக்கொள்வோம் என்று அலமாரியின் இழுப்பறையைத் திறந்தேன்.

மற்றக் காலுறையும் இல்லை.